ஆறு பாதி, ஓட்டம் பாதி

மூன்றாம் நாள் காலை. இனாண்டா அணையைத் தாண்டி வந்த கயாக்குகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்குகின்றன. முன்முனை மண்ணில் உரசுவதற்கு முன்பே உள்ளே இருப்பவர் கால்களை வெளியே போட்டுவிடுகிறார். கயாக்கை உருவி, உள்ளே கிடந்த தண்ணீரை ஒரு கவிழ்ப்பில் கொட்டிவிட்டு, தோளில் ஏற்றிக்கொண்டு, எதிரே நிற்கும் மேட்டைப் பார்த்து ஓடத் தொடங்குகிறார். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து செம்மண்ணும் கல்லுமாக ஏறுகிறது பாதை. தென்னாப்பிரிக்காவின் கோடை அது. பள்ளத்தாக்குக்குள் காற்று நுழைவதில்லை. ஈரச் சட்டை பத்து நிமிடத்தில் காய்ந்து, மறுபடி வியர்வையில் நனைகிறது. இந்த ஏற்றத்துக்குப் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பர்மா ரோடு. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கி, அதே ஆற்றில் மறுபடி கயாக்கை இறக்கித் துடுப்புப் போட வேண்டும்.

முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு கேள்வி வரும். ஆறு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் படகு இருக்கிறது. பிறகு எதற்கு அதைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும்?

அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தப் பந்தயம்.

டுசி கேனோ மாரத்தான் என்று பெயர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி டர்பன் கடற்கரையில் முடிகிறது. மூன்று நாள், சுமார் 120 கிலோமீட்டர். முதலில் ம்சுன்டுசி ஆறு. அந்தப் பெயரைச் சுருக்கித்தான் ‘டுசி’ என்கிறார்கள். இரண்டாம் நாள் அது உம்கேனி ஆற்றில் கலக்கிறது. பிறகு கடைசிவரை உம்கேனிதான். பெயரில் கேனோ என்று இருந்தாலும், ஓட்டுவது இருபுறமும் தட்டை உள்ள துடுப்பைப் போடும் கயாக். தென்னாப்பிரிக்காவில் இரண்டையும் கேனோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒற்றையர் கயாக்குக்கு கே1, இருவர் கயாக்குக்கு கே2 என்று பெயர். ஓர் ஆண்டு ஒற்றையர், மறு ஆண்டு இருவர் என்று பந்தயம் மாறி மாறி வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் தமிழ் வாசகருக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று ரயில் நிலையம். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காந்தி இறக்கிவிடப்பட்ட இடம். இன்னொன்று சிறைச்சாலை. 1913-ல் சத்தியாகிரகம் செய்து கைதான தில்லையாடி வள்ளியம்மை கடுங்காவல் தண்டனை அனுபவித்தது இந்த ஊர்ச் சிறையில்தான். அங்கே பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்தவர், 1914 பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்துபோனார். அந்த ஊரின் நடுவே ஓடுகிற ஆற்றில்தான் பந்தயம் தொடங்குகிறது. முடிகிற இடத்திலும் தமிழர் கதை ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது அதைச் சொல்கிறேன்.

எட்டுப் பேரில் ஒருவர்

1951 டிசம்பர் 22. எட்டுப் பேர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆற்றில் இறங்கினார்கள். மரச்சட்டத்தில் கேன்வாஸ் துணி போர்த்திய படகுகள். அன்று விதிகள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. டர்பன் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஆற்றில் தண்ணீர் போதவில்லை. படகை இழுத்துக்கொண்டும் சுமந்துகொண்டும் கல்லில் நடக்க வேண்டியிருந்தது. பிறகு திடீர் வெள்ளம் வந்தது. எட்டில் ஏழு பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் டர்பன் போய்ச் சேர்ந்தார். வழியில் அவரைப் பாம்பு வேறு கடித்திருந்தது. ‘நைட் ஆடர்’ என்கிற விரியன் வகை. அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நாள், 8 மணி, 15 நிமிடம்.

அவர் பெயர் இயான் பிளேயர். கோல்ஃப் உலகில் கொடிகட்டிப் பறந்த கேரி பிளேயரின் அண்ணன். பந்தயத்தைத் தொடங்கியவரும் இவர்தான், முதல் வெற்றியாளரும் இவர்தான். அடுத்த ஆண்டே நட்டால் வனவிலங்குத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். உம்ஃபொலோசி காட்டில் மட்டும் எஞ்சியிருந்த தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகங்களை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு காடுகளுக்கு அனுப்பிய திட்டத்தை 1960-களில் முன்னின்று நடத்தினார். இன்று ஆப்பிரிக்காவில் வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதற்கு அந்த வேலை முக்கியக் காரணம். காட்டைத் தனக்குக் கற்றுக்கொடுத்த குரு என்று மகுபு ந்டோம்பெலா என்கிற ஸுலு பெரியவரைக் கடைசிவரை சொல்லிவந்தார். 2014-ல் தம் 87-ஆம் வயதில் காலமானார்.

இவரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டுசியைத் தொடங்கியவர் ஒரு விளையாட்டு நிர்வாகியாக இருந்திருந்தால், ஆறு ஓர் ஓடுகளமாக மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்கும். பிளேயர் ஆற்றை ஓர் உயிராகப் பார்த்தவர். பந்தயத்தின் கதையை அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே மனிதர்கள், ஆறுகள், படகுகள் என மூன்றும் சம உரிமையோடு நிற்கின்றன. இந்த ஆறு இன்று இருக்கும் நிலையைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம் வரும்போது, அவருடைய அந்தப் பார்வை நமக்குத் தேவைப்படும்.

தண்ணீரை விட்டு எப்போது இறங்குவது?

இனி முதல் கேள்விக்கு வருவோம். எதற்காகச் சுமந்து ஓட வேண்டும்?

மலைநாட்டு ஆறு நேராக ஓடுவதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு இறங்கும் வழியில், ‘ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு’ என்று பெயர் பெற்ற நிலத்தை ஆறு சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு போகிறது. ஒரு குன்றைச் சுற்றி ஆறு 6 கிலோமீட்டர் வளைகிறது, குன்றின் குறுக்கே ஏறி இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல துடுப்புக்காரர் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலும் வளைவைச் சுற்ற அரை மணி நேரம் ஆகும். கயாக்கைச் சுமந்து மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் கால் மணி நேரத்தில் மறுபக்கம் வந்து நிற்பார்.

ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. முந்தைய இரவு மழை பெய்து ஆறு பெருகியிருந்தால், அந்த வளைவை இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம். உட்கார்ந்தபடி போகிறவருக்குக் கால் மிச்சம். ஐந்து நிமிடத்தை இழந்து காலைக் காப்பாற்றிக்கொள்வதா, ஓடி அந்த ஐந்து நிமிடத்தைப் பிடிப்பதா? வளைவில் பாறைச் சரிவு இருந்தால், அங்கே கயாக் உடையும் ஆபத்தை எவ்வளவு என்று மதிப்பிடுவது? சுமந்து ஓடும் பகுதியை போர்ட்டேஜ் என்கிறார்கள். சிலவற்றில் ஓடியே ஆக வேண்டும். சிலவற்றில் ஓடுவதும் ஆற்றோடு போவதும் போட்டியாளர் விருப்பம். இரண்டாம் நாள் வரும் ங்குமேனி குன்று அப்படிப்பட்டது. எதிராளி குன்றேறுகிறார், நீங்கள் ஆற்றோடு போகிறீர்கள். அவர் முந்திவிட்டாரா பிந்திவிட்டாரா என்று வெகுநேரம் தெரியாது. குன்றின் மறுபுறம் இருவர் பாதையும் சேரும் இடத்தில், ஈரக் காலடித் தடம் கரையில் இருக்கிறதா என்று கண் தேடும்.

இதனால்தான் பந்தயத்துக்கு முந்தைய மாதங்களில் ஒவ்வொருவரும் வழியைப் பகுதி பகுதியாகப் போய்ப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு அவர்கள் மொழியில் ‘டிரிப்பிங்’ என்று பெயர். எந்தப் பாறைக்கு இடப்புறம் போக வேண்டும், தண்ணீர் ஒரு சாண் குறைந்தால் எந்தக் கல் தலைகாட்டும், எந்தப் புல்மேட்டில் மாட்டுத்தடம் குறுக்கே போகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நகரத்துக்கு மேலே இருக்கும் ஹென்லி அணையிலிருந்தும், மூன்றாம் நாளுக்கு இனாண்டா அணையிலிருந்தும் பந்தயத்துக்காகத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த வளைவுக்கு வந்து சேரும் என்பதும் கணக்கில் சேரும்.

இந்தக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டவர் கிரேம் போப்-எல்லிஸ். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்து விவசாயி. 1972 முதல் 1990 வரை பதினைந்து முறை வென்றார். டுசி ராஜா என்றே ஊர் அவரை அழைத்தது. அவருக்கு முன்பு, சுமந்து ஓடுவது ஆற்றில் வழியில்லாதபோது செய்யும் காரியமாக இருந்தது. படகுக்காரர்கள் மூச்சு வாங்க நடந்து கடந்தார்கள். போப்-எல்லிஸ் கயாக்கைத் தோளில் வைத்து மேட்டில் ஓடிப் பழகினார். புதிய குறுக்கு வழிகளைத் தேடிக் குன்று குன்றாக அலைந்தார். துடுப்புப் போடுவதில் அவருக்கு நிகரானவர்கள் இருந்தார்கள். தண்ணீரை விட்டு எங்கே இறங்க வேண்டும் என்பதில் அவருக்கு நிகராக வெகுகாலம் யாரும் இல்லை. இந்தப் பந்தயத்தில் இத்தனை பேர் வென்றிருந்தாலும், அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் இவர் என்பது என் கருத்து. 2010 ஜனவரியில் தன் பண்ணையில் நடந்த டிராக்டர் விபத்தில் இறந்தார். இப்போதைய தலைமுறையில் அவர் இடத்தைப் பிடித்திருப்பவர் ஆண்டி பர்கெட். 2010-ல் முதல் வெற்றி, அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட வெற்றிகள்.

இரண்டு உடம்பு வேண்டும்

ஓட்டக்காரர் உடம்பு வேறு, துடுப்புக்காரர் உடம்பு வேறு. நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு மேலுடம்பில் சதை இருந்தால் அது வீண் சுமை. துடுப்புப் போடுகிறவருக்கோ முதுகும் தோளும் திரண்டிருக்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல் துடுப்பைக் கை மட்டும் இழுப்பதில்லை. காலால் பலகையை உதைத்து, இடுப்பை முறுக்கி, அந்த முறுக்கு அவிழும் விசையில் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு வளர்ந்த உடம்பு குன்றேறும்போது ஒவ்வோர் அடியிலும் கனக்கும். மெலிந்த ஓட்டக்காரர் முதல் நாள் மேடுகளில் எல்லோரையும் தாண்டிப் போவார். இரண்டாம் நாள் முடிவில் இனாண்டா அணையின் தேங்கிய நீரில், பத்துக் கிலோமீட்டர் எதிர்க்காற்றில் துடுப்புப் போடும்போது தாண்டியவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பத் தாண்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் உடம்பை உண்டாக்கிக்கொள்வதுதான் பயிற்சி. அது வருடக்கணக்கில் நடக்கும் வேலை.

மாறுகிற அந்த நொடிதான் கொடுமை. ஒரு மணி நேரம் காலை நீட்டி, இடுப்பு மடங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடையின் மேல்தசை சுருங்கிக் கிடக்கிறது. கால் மரத்திருக்கிறது. திடீரென்று எழுந்து, தோளில் சுமையோடு செங்குத்தாக ஓட வேண்டும். முதல் நூறு அடிக்குக் கால் சொன்னபடி கேட்காது. ஓடி முடித்து மறுபடி கயாக்கில் உட்காரும்போது தொல்லை வேறு விதம். இதயம் படபடக்கிறது, கை நடுங்குகிறது, கண்ணில் வியர்வை. கே1 என்பது 5.2 மீட்டர் நீளமும், உட்காருபவரின் இடுப்பைவிடச் சற்றே கூடுதலான அகலமும் கொண்ட ஊசி. இதயம் அடித்துக்கொள்ளும் அதிர்வுக்கே ஆடும். அந்த நிலையில்தான் நேராகப் பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் தண்ணீருக்குள் அதைச் செலுத்த வேண்டும்.

பந்தய விதிப்படியான கே1-ன் குறைந்தபட்ச எடை 8 கிலோ, கே2-க்கு 12 கிலோ. டுசிக்கு வருகிறவர்கள் அதைவிடக் கனமாகவே கொண்டுவருவார்கள். கல்லில் மோதினாலும் பிளக்காத அளவு அடுக்குகள் சேர்த்து உறுதிப்படுத்தியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே சேர்ந்தால் எடை இன்னும் கூடும். தோளில் அழுந்தும் இடத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டிவைப்பார்கள். காலில் ஓடுவதற்கான ஷூவை மூன்று நாளும் கழற்றுவதில்லை. படகுக்குள்ளும் அதே ஷூதான். குடிக்கும் தண்ணீர் மார்புக்கு நேரே ஒரு குழாயில் வரும். துடுப்பைக் கையிலிருந்து விடாமல் வாயால் உறிஞ்சிக்கொள்ளலாம். கரையோரம் சாப்பாடும் பிசின் நாடாவும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் உறவினர், நண்பர்களுக்கு ‘செகண்ட்ஸ்’ என்று பெயர். அவர்களும் மூன்று நாள் மண்பாதையில் கார் ஓட்டி அடுத்தடுத்த இடங்களுக்கு ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

இருவர் கயாக் இன்னும் நுட்பமானது. 6.5 மீட்டர் நீளம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இருவரும் ஒரே காலடியில் ஓட வேண்டும். ஒருவர் கால் தப்பினால் மற்றவர் தோளில் அடி விழும். ஒகேனக்கல்லில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேறும் பரிசல்காரரைப் பார்த்திருப்பீர்கள். கல்லையும் வழியையும் அவர் தன் காலடியில் குனிந்து பார்த்துத்தான் போவார். கே2-ன் பின்னால் ஓடுகிறவருக்கு அந்தப் பார்வைகூடக் கிடையாது. முன்னால் இருப்பவரின் முதுகும் கயாக்கின் பக்கமும்தான் தெரியும். “கல்”, “பள்ளம்”, “திரும்பு” என்று முன்னால் இருப்பவர் சொல்வதை நம்பிக் கால் வைக்க வேண்டும். பல ஆண்டுகள் சேர்ந்து ஓடிய இணைகள் பேச்சே இல்லாமல் தோள் மாற்றிக்கொள்வதைப் பார்ப்பது அழகு.

ஓட்டமும் கயாக்கும் சேர்ந்த இன்னொரு பெரும் பந்தயம் நியூசிலாந்தில் இருக்கிறது. 1983-ல் ராபின் ஜட்கின்ஸ் தொடங்கிய கோஸ்ட் டு கோஸ்ட். மேற்குக் கடற்கரையில் தொடங்கி மலைத்தொடரைத் தாண்டி, வைமகாரிரி ஆற்றில் இறங்கி, கிழக்குக் கடற்கரையில் முடியும். சைக்கிளும் சேர்த்து 243 கிலோமீட்டர். ஸ்டீவ் கர்னி அதை ஒன்பது முறை வென்றவர். அது கம்பீரமான பந்தயம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஓட்டம் முடிந்த பிறகுதான் கயாக். ஆற்றங்கரையில் அது உங்களுக்காகக் காத்திருக்கும். டுசியில் கயாக் உங்கள் தோளிலேயே வருகிறது. எதிலிருந்து எதற்கு எப்போது மாறுவது என்ற தீர்மானமும் பெரும்பாலும் உங்களுடையது. அதனால்தான் எனக்கு டுசிமீது கூடுதல் மரியாதை.

பள்ளத்தாக்கின் பிள்ளைகள்

முதல் நாள் சுமார் 42 கிலோமீட்டர். ஓட்டம் மிகுந்த நாள் அதுதான். இரண்டாம் நாள் 46. மூன்றாம் நாள் 36. முன்வரிசையினர் மூன்று நாளும் சேர்த்து ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். இயான் பிளேயர் ஆறு நாளுக்கு மேல் போராடிய வழி இது. கடைசி வரிசையில் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்துவிடும். அந்த வரிசையில் அறுபது வயதைத் தாண்டியவர்களும், தகப்பனும் மகளுமாக வருகிறவர்களும் இருப்பார்கள்.

வழியெல்லாம் ஸுலு கிராமங்கள். பிள்ளைகள் கரையில் கூடிக் கத்துகிறார்கள். பந்தயம் பிறந்தது நிறவெறி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில். இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று சட்டம் வந்தது 1950-ல். மறு ஆண்டு முதல் பந்தயம். பல பத்தாண்டுகள் இது வெள்ளையர் ஆட்டமாகவே இருந்தது. ஆற்றங்கரையில் பிறந்து, அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்த பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குன்றேறும் ஓட்டம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைக்காமல் போனது படகும் அனுமதியும்தான்.

ஏழு முறை வென்ற மார்ட்டின் ட்ரெயர் பிற்பாடு இந்தப் பள்ளத்தாக்கின் இளைஞர்களைச் சேர்த்து ‘சேஞ்ச் எ லைஃப்’ என்ற பயிற்சிக் கழகத்தை நடத்தினார். 2008-ல் அவரும் மைக்கேல் ம்பான்ஜ்வாவும் இருவர் கயாக்கில் வென்றார்கள். டுசியை வென்ற முதல் கறுப்பினத்தவர் ம்பான்ஜ்வா. இன்று முன்வரிசைப் பட்டியலில் ஸுலு பெயர்கள் சகஜம். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதமான நீதி என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆற்றின் நோய்

இந்தப் பந்தயத்தில் ஓடியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தை தவறாமல் வரும். ‘டுசி கட்ஸ்’. பந்தயம் முடிந்த ஓரிரு நாளில் வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வாயில் தெறிக்கும் ஆற்றுத் தண்ணீர் தரும் பரிசு அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் சாக்கடைக் குழாய்கள் பழையவை. உடைந்தாலும் அடைத்துக்கொண்டாலும் கழிவு நேராக ம்சுன்டுசியில் வந்து விழுகிறது. மழை பெய்தால் ஆறு பெருகும், படகுக்கு நல்லது. அதே மழைதான் நகரத்தின் அழுக்கையும் ஆற்றில் தள்ளுகிறது. படகுக்காரர் எந்த வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறாரோ, அந்த வெள்ளமே அவரைப் படுக்கையில் தள்ளுகிறது.

2019 ஆகஸ்டில் நகரத்தில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையின் தொட்டி உடைந்து, எண்ணெயும் காரச் சோடாவும் ஆற்றில் இறங்கின. கிலோமீட்டர் கணக்கில் மீன்கள் வெள்ளை வெளேரென்று மிதந்தன. கீழே இனாண்டாவில் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிக்கொண்டு வருகிறது. கழிவில் இருக்கும் உரச்சத்துதான் அதற்குத் தீனி. அந்த அணையின் நீர்தான் டர்பன் மக்களின் குடிநீருக்கும் போகிறது.

பந்தயக்காரர்கள் மூன்று நாள் இந்தத் தண்ணீரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் மருந்து சாப்பிடலாம். பள்ளத்தாக்கின் பெண்கள் ஆண்டின் 365 நாளும் இதில்தான் துணி துவைக்கிறார்கள். பிள்ளைகள் இதில்தான் குளிக்கிறார்கள். அவர்களுடைய வயிற்றுக்கடுப்புக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இந்த உண்மை படகுக்காரர்கள் சிலருக்கு உறைத்திருக்கிறது. அவர்கள் முன்கை எடுத்து உருவான டுசி-உம்கேனி பாதுகாப்பு அறக்கட்டளை, சாக்கடை உடைப்புகளைக் கண்டுபிடித்து நகராட்சியை விரட்டுகிறது. களைச்செடிகளை அகற்றுகிறது, கரையோரக் கிராமத்து இளைஞர்களை ஆற்றுக் காவலர்களாக வேலைக்கு வைக்கிறது. 2012-ல் அதன் ஆட்கள் உம்கேனி பிறக்கும் இடத்திலிருந்து கடல்வரை கால்நடையாகவே நடந்து, வழி நெடுக நீரைச் சோதித்துப் பதிவு செய்தார்கள். ஒரு விளையாட்டு தன் களத்துக்குச் செய்ய வேண்டிய கடமை இது. ஆனால் நகராட்சி குழாய்களை மாற்றாதவரை, அறக்கட்டளை எவ்வளவு ஓடினாலும் ஆறு குணமாகாது.

ஆறு கடலைச் சேரும் இடம்

பர்மா ரோட்டை ஏறி இறங்கியவர்களுக்கு மிச்சமிருப்பது சமவெளி. ஆறு அகன்று, வேகம் தணிந்து, டர்பன் நகரத்துக்குள் நுழைகிறது. தொழிற்பேட்டைகள், பாலங்கள், ஓரத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு பகுதி. களைத்த துடுப்புக்காரர்கள் தலை நிமிராமல் கடந்து போகும் இந்த இடத்தில்தான், முன்பே சொன்ன தமிழர் கதை நடந்தது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்குப் பின்னால் ஆயிரமாயிரமாய் வந்தவர்களில், ஒப்பந்தம் முடிந்த பலர் உம்கேனிக் கரையின் வண்டல் மண்ணில் காய்கறி பயிரிட்டார்கள். தகரத்தால் வீடு கட்டிக்கொண்டார்கள். ஊருக்கே டின் டவுன் என்று பெயர் வந்தது. 1917 அக்டோபர் இறுதியில் உம்கேனி பெருகி அந்தத் தகர வீடுகளை வாரிக்கொண்டு போனது. இரவில், இருட்டில், மக்கள் கூரைகளிலும் மரங்களிலும் தொற்றிக்கொண்டு அலறினார்கள். மாரிமுத்து படவட்டான் என்பவரும் அவருடைய தோழர்களுமாக ஆறு பேர், கடலில் வலை வீசும் மீனவர்கள், தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கினார்கள். மரங்களும் வீட்டுக் கூரைகளும் அடித்துக்கொண்டு வரும் தண்ணீரில் மீண்டும் மீண்டும் போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். டர்பனில் இன்றும் அவர்களை ‘படவட்டான் சிக்ஸ்’ என்று சொல்கிறார்கள்.

டின் டவுனை 1976-ல் மறுபடி வெள்ளம் சூழ்ந்தது. அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தி ஃபீனிக்ஸ் என்ற புதிய குடியிருப்பில் வைத்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனும் அதன் சுற்றுவட்டாரமும் 400-க்கும் மேற்பட்டோரை இழந்தன. பந்தயக்காரர் மூன்று நாள் மட்டும் படிக்கும் இந்த ஆற்றைக் கரையில் இருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பந்தயம் முடிவது உம்கேனி கடலில் கலக்கும் புளூ லகூனில். ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பன் இந்தியக் குடும்பங்கள் கூடும் இடம் அது. டர்பனில் உறவினர் இருக்கும் தமிழர்கள் நம்மிடையே ஏராளம். அங்கே போகிறவர்கள் கோடையில், டுசி முடியும் நாளில், ஒருமுறை அந்தக் கரையில் நின்று பாருங்கள். முதலில் வருகிறவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் தோளில் தழும்போடு வருகிறவர்கள்வரை காத்திருங்கள். பிறகு அங்கிருந்து ஆற்றுக்கு எதிர்த்திசையில் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் கொஞ்சம் பாருங்கள். 1917-ல் அந்த ஆறு பேர் தங்கள் படகில் கரைசேர்த்தவர்கள் 176 பேர்.